உழவனைப் பாடிய ஏடு

மன்னனைப் பாடாத காவியம் உண்டோ? மாளிகை வாயிலில் நில்லாத புலவன் உண்டோ? உண்டு என்று விடை தருகிறது, பால்டிக் கடலோரத்து லித்துவேனிய மொழி. ‘மேதாய்’ என்பது அந்த ஏட்டின் பெயர். ‘ஆண்டு’ என்பது அதன் பொருள். இளவேனிலின் இன்பம், கோடையின் உழைப்பு, இலையுதிர் காலத்தின் வளம், பனிக்காலத்தின் கவலை என நான்கு பகுதிகள்; ஏறத்தாழ 3000 அடிகள்.

ஆக்கியோன் கிறிஸ்தியோனாஸ் தொனெலைத்திஸ். 1714-இல் பிறந்து, 1743 முதல் 1780-இல் மறையும்வரை, பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தொல்மின்கியேமிஸ் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்தவர். அரசு ஜெர்மானியருடையது, அடிமைப்பட்டு உழுதவர் லித்துவேனியர். 1709 முதல் 1711 வரை கொள்ளைநோய் ஊர்களைச் சூறையாடிற்று. வெறிச்சோடிய நிலங்களில் அயலார் குடியேற்றப்பட்டனர். அவர்தம் மொழி ஓங்கிற்று. மண்ணின் மொழி ஒடுங்கிற்று.

ஒடுங்கிய அந்த மொழியைத்தான் பாதிரியார் கையிலெடுத்தார். ஓமரும் வர்ஜிலும் வீரர்களைப் பாடிய யாப்பிலே, எருவை அள்ளி வண்டியில் ஏற்றும் குடியானவனைப் பாடினார். வியர்வைக்கு இலக்கியத்தில் இடமுண்டு என்று நிலைநாட்டிய அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம்.

ஆனால், போற்றுவதோடு நின்றுவிட்டால் அது திறனாய்வாகாது. எசமானன் குழந்தைக்கும் குடியானவன் குழந்தைக்கும் பிறப்பிலே வேற்றுமை இல்லை என்று கவிஞர் எடுத்துக்காட்டுகிறார். உண்மையைத் தொட்டுவிட்டார்! அடுத்த அடி என்னவாக இருந்திருக்க வேண்டும்? பிறப்பில் இல்லாத வேற்றுமை வாழ்வில் ஏன் என்ற வினாவன்றோ? அந்த வினா எழவில்லை. எல்லாம் இறைவன் வகுத்த ஏற்பாடு, பொறுத்திரு, உழை, தொழு என்ற உபதேசமே எழுகிறது. ஊர்த் தலையாரி பிரிச்குஸ் எசமானனிடம் அடிபட்டு மாள்கிறான். கவிஞர் கண்ணீர் வடிக்கிறார். நல்ல எசமானன் ஒருவன் மறைந்ததற்குக் குடிகள் அழுவதையும் பாடுகிறார். கொடியவனுக்குப் பதில் நல்லவன் வந்தால் போதுமா? சாட்டை யார் கையில் என்பதா கேள்வி? சாட்டையே ஏன் என்பதன்றோ கேள்வி!

பொறுமை விலங்கை உடைத்ததா? இல்லை. 1807-இல் பிரஷ்ய அரசு பண்ணையடிமை முறையை ஒழிக்க ஆணையிட்டது. நெப்போலியனிடம் பட்ட படுதோல்வி தந்த பாடம் அது. எசமானரின் இரக்கம் ஈந்த பரிசன்று.

ஏட்டின் கதையோ ஏட்டினும் சுவையானது. கவிஞர் மறைந்து 38 ஆண்டுகள் கழித்து, 1818-இல், ரேசா என்னும் அறிஞர் அதனை அச்சேற்றினார். சில பகுதிகளை விலக்கியே வெளியிட்டார். 1865-இல் ஷ்லைகர் என்னும் மொழியறிஞரின் பதிப்பு ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்தது. அதே காலத்தில் அதே பேரரசு செய்தது என்ன? 1795 முதல் தன் பிடியிலிருந்த லித்துவேனியரைப் பார்த்து, உங்கள் மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடாதீர், ரஷ்ய எழுத்திலேயே அச்சிடுவீர் என்று தடை விதித்தது! அறிஞர் மேசையில் அந்த மொழி ஆராய்ச்சிப் பொருள். உழவன் குடிசையில் அதே மொழி குற்றப் பொருள்!

அந்த உழவன் பொறுத்திருக்கவில்லை. கவிஞர் வாழ்ந்த பிரஷ்யப் பகுதியிலேயே, தில்சித் போன்ற நகர்களில், நூல்கள் அச்சாயின. மூட்டைகளைச் சுமந்து, இரவிலே எல்லையைக் கடந்தனர் எளிய மக்கள். பிடிபட்டோர் பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். குண்டடிபட்டு மாண்டோரும் உண்டு. 40 ஆண்டுகள் போராடினர். 1904-இல் தடை வீழ்ந்தது.

பாதிரியார் உழவனுக்கு மொழியைத் தந்தார். கூடவே பொறுமையையும் தந்தார். உழவன் மொழியை வைத்துக்கொண்டான். பொறுமையை வீசி எறிந்தான். அந்த உழவன் செய்ததே இந்த ஏட்டுக்குச் சரியான திறனாய்வு என்போம் நாம்.