பிறப்பும் பிழைப்பும்

கோடை விடுமுறைக்குப் பேரனும் பேத்தியும் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தால் முதல் இரண்டு நாள் வீடு இரண்டுபடும். மூன்றாம் நாள் திண்ணையில் ஏதாவது ஒரு விளையாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பெல்லாம் அது ஆச்சியின் தாயக்கட்டமாக இருந்தது. இந்த வருஷம் அவர்கள் பட்டணத்திலிருந்து கொண்டுவந்தது வேறு சரக்கு. தடித்த புத்தகம் ஒன்று, ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும் வரையில் எழுந்திருப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “தாத்தா, அண்ணன் என் ஆளை மாத்தச் சொல்றான். புதுப் புஸ்தகத்திலே அவளுக்கு இடமே இல்லையாம்” என்றாள்.

நாவல் எழுதிக் காலம் தள்ளுகிறவனிடம் இதைவிடப் பெரிய வழக்கு என்ன வந்துவிட முடியும்? விதி மாறிவிட்டது என்பதற்காகக் கதையின் நடுவில் ஒரு பாத்திரத்தை வெளியே அனுப்புவதாவது! பையனிடமிருந்து பழைய புத்தகம், புதுப் புத்தகம் இரண்டையும் வாங்கி, நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு அவற்றில் படிக்க நிறைய இருக்கிறது. சண்டை போடவும் இருக்கிறது.

விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. 1974-ல் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உண்டாக்கியது. ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1000 பிரதிகள். ஆட்டத்தில் ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “பாழடைந்த கோட்டை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே வெளிச்சம் தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துகிறவர் கேட்பார். “நான் கதவைத் தள்ளுகிறேன்” என்று ஒருவர் சொல்லுவார். கதவு திறக்கிறதா என்பதைப் பகடை சொல்லும். வலிமை, லாகவம், தாங்கும் சக்தி, படிப்பறிவு, விவேகம், வசீகரம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண் பகடைக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அல்லது காலை வாரும். கூத்து மாதிரிதான்; ஆனால் எதிரே பார்க்கிறவர்கள் இல்லை, முடிவு ஆடுகிறவர்களுக்கே தெரியாது. எழுத்தாளனுக்குப் பொறாமை வருகிற ஏற்பாடு.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைத் திருத்தி, 2024 செப்டம்பரில் ஆட்டக்காரர்களுக்கான புத்தகத்தையும், நவம்பரில் கதை நடத்துகிறவருக்கான புத்தகத்தையும், 2025 பிப்ரவரியில் பூதங்களின் புத்தகத்தையும் வெளியிட்டார்கள். அதற்கு முன் 2022 ஆகஸ்டிலிருந்து சோதனைப் பிரதிகளை ஆடுகிறவர்களிடமே கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். நாம் நாவலை அச்சுக்கு அனுப்புமுன் இப்படிச் செய்தால் பல நாவல்கள் வெளியே வராமலே போயிருக்கும். வாசகர்களுக்கு எவ்வளவோ நிம்மதி.

அந்தச் சோதனைகளில் ஒரு வேடிக்கை. முதலில் பகடையில் 20 விழுந்தால் பாத்திரத்துக்கு ஒரு சலுகை என்றார்கள். பின்னர் 1 விழுந்தால் சலுகை என்றார்கள். கடைசியில் அச்சான புத்தகத்தில் இரண்டும் இல்லை. மற்றபடி அந்த ஆட்டத்தில் 1 என்பது மகா அபசகுனம். வாளை ஓங்கும்போது அது விழுந்தால் குறி தப்பியே தீரும். இதை ஆச்சியிடம் சொன்னேன். “ஒண்ணு விழுந்தாத்தானே தாயம்! அது விழாம காய் எப்படி உள்ளே இறங்கும்? கூறு கெட்ட ஆட்டமால்ல இருக்கு” என்றாள். ஒரு வெட்டாவது வெட்டாமல் காய் பழம் ஆகக் கூடாது என்பது ஆச்சி வீட்டு விதி. எதிர்வீட்டில் அப்படி இல்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஆடும்போது, கட்டத்தைக் கீறுவதற்கு முன்பே வாய்ச்சண்டை மூண்டு, எந்த விதி என்று தீர்ந்துவிடும். அச்சிட்ட புத்தகம் இல்லாத விளையாட்டுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டின் 50 வருஷச் சரித்திரத்தைப் பிறப்பைப் பற்றிய சரித்திரம் என்றே சொல்லிவிடலாம். 1974 விதிப்படி குள்ளர் குலத்தில் பிறந்தவன் போர்வீரனாகத்தான் ஆகலாம். அதிலும் ஆறாம் படிக்கு மேல் ஏறக்கூடாது. மனிதனுக்கு அந்தத் தடை கிடையாது. 1978 புத்தகத்தில் மனிதப் பெண்ணின் வலிமைக்கு, ஆணுக்கு இல்லாத ஓர் உச்சவரம்பு. 1989 பதிப்பில் பெண்ணுக்கு இருந்த வரம்பு போயிற்று; 2000 பதிப்பில் குலத்துக்கு இருந்த படிக்கட்டுத் தடையும் போயிற்று. 2014-லும் மிச்சம் ஒன்று இருந்தது: குள்ளனாகப் பிறந்தால் தாங்கும் சக்தியில் 2 கூடும், வனவாசிகளும் நீண்ட ஆயுள்காரர்களுமான எல்ஃப் இனத்தில் பிறந்தால் லாகவத்தில் 2 கூடும். 2020-ல் ஒரு துணைப் புத்தகம், விரும்பினால் அந்த எண்ணை எந்தக் குணத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2024-ல் பிறப்புக்கும் இந்த எண்ணுக்கும் இருந்த தொடர்பை அடியோடு அறுத்துவிட்டார்கள்.

நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அறுத்த கயிற்றை எங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். பூர்வோத்தரத்தில் கட்டினார்கள். அதாவது, கதை தொடங்குமுன் நீ என்ன பிழைப்புப் பிழைத்தாய் என்பதில். புத்தகத்தில் 16 பிழைப்புகள் இருக்கின்றன: உழவன், கைவினைஞன், வணிகன், பிரபு, சிப்பாய், மாலுமி, எழுத்தன், ஏடு படித்த பண்டிதன் என்று போகிறது பட்டியல். ஒவ்வொரு பிழைப்புக்கும் மூன்று குணங்கள் ஒதுக்கியிருக்கிறது. அதிகப்படியான எண்களை அந்த மூன்றுக்குள்தான் போட்டுக்கொள்ளலாம். உழவனுக்கு ஒதுக்கியவை வலிமை, தாங்கும் சக்தி, விவேகம். பிரபுவுக்கு வலிமை, படிப்பறிவு, வசீகரம்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்கர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள். பிறப்பு தானாக வாய்ப்பது, தொழில் தானே தேர்ந்துகொள்வது. ஆகையால் பிறப்பை எடுத்துவிட்டுத் தொழிலை வைத்தால் நியாயம் ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பார்த்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். “என்ன வேலை பார்க்கிறாய்?” என்பதும் “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதும் இங்கே வெகுகாலம் ஒரே கேள்வியாக இருந்தன. உழுகிறவனுக்குப் படிப்பறிவில் ஓர் எண்கூடக் கிடையாது என்று விதி எழுதியவர், உழுகிறவன் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஏற்ற மறுத்த வாத்தியாரைக் கண்டதில்லை. நாம் கண்டிருக்கிறோம்.

எவ்வளவு பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். பேரனை வைத்துக் கணக்குப் போட்டேன். மந்திரவாதி ஆக வேண்டுமானால் படிப்பறிவுதான் முதல். ஆரம்பத்தில் அந்தக் குணத்துக்கு 15 வைத்தால், பண்டிதன் 17-க்கு ஏறிவிடுகிறான். உழவன் 15-லேயே நிற்கிறான். பகடையில் அது ஓர் எண் வித்தியாசம். இருபது உருட்டலில் ஓர் உருட்டல் பண்டிதனுக்கு ஜயம், உழவனுக்குத் தோல்வி. சின்ன விஷயம்தான். ஆனால் ஏர் பிடித்தவன் மந்திரம் கற்கிற கதையைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிற பையனிடம், ‘சொல்லேன், ஓர் எண் அபராதம் கட்டிவிட்டுச் சொல்’ என்கிறது புத்தகம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அபராதம் இல்லாத கதையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மந்திரவாதிகள் எல்லாரும் பண்டிதர் வீட்டிலிருந்தே வந்துகொண்டிருப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, 2022 ஆகஸ்டில் வந்த சோதனைப் பிரதியில் இந்தக் குறை இல்லை என்பது. பிழைப்பை நீயே கட்டிக்கொள், எண்களை விரும்பிய குணத்தில் போட்டுக்கொள் என்று அதில் தாராளமாகச் சொல்லியிருந்தார்கள். அச்சுக்குப் போகையில் கதவைச் சாத்திவிட்டார்கள். நவம்பரில் வந்த புத்தகத்தில், புதுப் பிழைப்பு ஒன்றை உண்டாக்கிக்கொடுக்கிற வழி இருக்கிறது; ஆனால் அது கதை நடத்துகிறவருடைய புத்தகம். முன்பு உரிமையாக இருந்தது இப்போது தயவாக ஆகிவிட்டது.

(இன்னொரு விஷயம் படித்துச் சிரித்தேன். ஒவ்வொரு பிழைப்புக்கும் பழகிய கருவி ஒன்று உண்டு. உழவனுக்குத் தச்சுக் கருவி. பிரபுவுக்குச் சூதாட்டக் கருவி! சூதில் நாடிழந்த நளன் கதையை நைடதமாகப் பாடிய அதிவீரராம பாண்டியர் இந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.)

இப்போது பேத்தியின் வழக்கு. அவள் பாத்திரத்தின் தகப்பன் மனிதன், தாய் எல்ஃப். 2014 புத்தகத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ‘ஹாஃப் எல்ஃப்’ என்று தனி இடம் இருந்தது; ‘ஹாஃப் ஆர்க்’ என்ற இன்னொரு கலப்புக்கும் இருந்தது. 2024 புத்தகத்தில் பத்து இனங்கள் இருக்கின்றன. கலப்பில் பிறந்த இந்த இருவரும் இல்லை. ‘பாதி’ என்று ஒருவரை அழைப்பது நன்றாக இல்லை என்றால், ஒப்புக்கொள்கிறேன், பெயரை மாற்றியிருக்கலாம். ஆளையே எடுத்துவிடுவது என்ன பரிகாரம்? சோதனைப் பிரதி, கலப்பில் பிறந்த பிள்ளைக்குத் தோற்றத்தை இருவரிடமிருந்தும் கொடு, இயல்பை ஒருவரிடமிருந்து மட்டும் எடு என்றது. பேரன் அதைத்தான் சொல்லியிருக்கிறான்: ஒன்று மனுஷியாக இரு, அல்லது எல்ஃப்பாக இரு.

“அப்போ அவ அம்மாவை விடணுமா, அப்பாவை விடணுமா?” என்று கேட்டாள் பேத்தி.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நாவல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் முழு இடம் கிடைக்காதவன்தான் இரண்டு வீட்டையும் முழுக்கப் பார்க்கிறான். கதை விளைகிற நிலம் அது. அந்த நிலத்தை விற்றுவிட்டு, மற்ற நிலங்களுக்கு ஒழுங்காக வரப்புக் கட்டியிருக்கிறார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய புத்தகத்து இனங்களைப் புது விதியோடு சேர்த்து ஆட வழி உண்டு என்று புதுப் புத்தகமே ஒரு பெட்டிக்குள் போட்டிருக்கிறது. பேரன் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறான். காட்டினேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான். ஆகவே பேத்தியின் பெண் பிழைத்தாள். ஆனால் எப்படிப் பிழைத்தாள்? பழைய புத்தகம் எங்கள் திண்ணையில் இருந்ததால்.

அது இல்லாமலும் போயிருக்கலாம். இப்போது பலர் தங்கள் பாத்திரங்களின் தாள்களைக் காகிதத்தில் வைத்துக்கொள்வதில்லை; கம்பெனியாரின் கணினியில்தான் வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் கம்பெனியார், அந்தத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் அழித்து அதே இடத்தில் புதியவற்றை எழுதப்போவதாக அறிவித்தார்கள். ஆடுகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களில் அறிவிப்பை மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ செய்யும். இங்கே இருந்து ஆண்ட வரதுங்கராம பாண்டியர் புலவர். அதிவீரராமருக்குச் சகோதர முறை. அவர் சேர்த்துவைத்த ஏடுகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, உ. வே. சாமிநாதையர் தேடிக்கொண்டு வந்தார். பழுதுபட்ட ஏடுகளைத் தீயில் இடவேண்டும் என்று சாஸ்திரம் இருப்பதாகச் சொல்லி, குழி வெட்டி, நெருப்பு வளர்த்து, நெய்யில் தோய்த்து, எல்லாவற்றையும் ஆகுதி செய்துவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. ‘என் சரித்திர’த்தில் அதை அவரே எழுதியிருக்கிறார். அழித்தவர்கள் விரோதிகள் அல்லர். மரியாதையோடுதான் அழித்தார்கள்.

கம்பெனியாருக்கு ஒரு புண்ணியம் உண்டு. 2023 ஜனவரியில், ஆடுகிறவர்கள் வேறொரு காரணத்துக்காகக் கிளர்ச்சி செய்ததன் பேரில், 2014 விதிகளின் சாரமான சுமார் 400 பக்கத் தொகுப்பை யாரும் பிரதி செய்யலாம், திருத்தலாம், விற்கலாம் என்று திரும்பப் பெற முடியாதபடி எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதில் ‘ஹாஃப் எல்ஃப்’ இருக்கிறாள். இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் நம்பிக்கைப்படவில்லை. பழைய புத்தகம் அண்ணனுடையது. விடுமுறை முடிந்தால் அவன் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவான். நேற்று மத்தியானம் முழுவதும் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு, தன் ஆளைப் பற்றிய பக்கங்களை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆச்சி தாயம் ஆடக் கூப்பிட்டாள். “இன்னும் அரைப் பக்கம் இருக்கு ஆச்சி” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.