புகைக்குள் தெரியாத மனாரா

மாத்தளை கடலில்லாத ஊர். ஆனாலும் நாகூர் என்ற பெயர் எங்கட வீட்டில் கடல் மணத்தோடுதான் வரும். சின்ன வயசில் உம்மும்மா நாகூருக்கென்று நேர்ச்சைக் காசை முந்தானையில் முடிஞ்சு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, டொமினிக் செரஸ் 1786இல் வரைந்த நாகப்பட்டினக் கடற்போர் ஓவியத்தின் பிரதி கையில் கிடைத்ததும் நான் முதலில் கரையைத்தான் தேடினேன்.

அந்தப் போர் 1782 ஜூலை 6இல் நடந்தது. ஆங்கிலேயருக்கு ஹியூஸ், பிரெஞ்சுக்காரருக்கு சுஃப்ரன் தளபதிகள். இடையில் காற்றுத் திசைமாற, இரு அணிகளும் சிதறிப்போயின. வெற்றி தோல்வி முடிவாகவில்லை. ஆனால் பிரெஞ்சுத் தரப்பில் 178 பேரும் ஆங்கிலத் தரப்பில் 77 பேரும் மாண்டார்கள்.

செரஸ் பிறப்பால் பிரெஞ்சுக்காரர், மாலுமியாக இருந்தவர், ஆங்கில மன்னரின் கடல் ஓவியரானவர். இந்தப் போரை அவர் நேரில் கண்டதில்லை. ஆனாலும் கயிறும் பாயும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என்னுடைய குறை வேறு. இங்கே காயப்படுவது கப்பல்தான், மனுசன் இல்லை. புகைகூட அழகாக இருக்கிறது. 178 மையித்துகள் எங்கே?

கரையும் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. தஞ்சை மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மனாரா அப்போது நாகூரில் நிமிர்ந்து நின்றது. பீரங்கிச் சத்தத்தில் அன்றைக்குத் தோணி தள்ளாத மரைக்காயரும் மீனவரும் அங்கே இருந்திருப்பார்கள்தானே? அவர்களுக்கு அது யாருடைய சண்டை?

எங்கட ஊருக்கும் இதில் பங்குண்டு. அதே வருடம் ஹியூ போய்ட் என்ற ஆங்கிலத் தூதர் திருகோணமலையிலிருந்து மலையேறிக் கண்டி அரசரிடம் உதவி கேட்டு வந்து, வெறுங்கையோடு திரும்பினார். ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரன் திருகோணமலையைப் பிடித்தார். கடலில் விழுந்த குண்டின் அதிர்வு மலைநாடு வரை வந்திருக்கிறது.

செரஸ் கப்பலின் பக்கம் நின்று வரைந்தார். அது அவருடைய தொழில். கரையில் நின்று பார்த்ததை வரையவும் எழுதவும் வேண்டியவர்கள் நாங்கள்தான். இருநூற்றி நாற்பது வருசம் கழிந்தும் அந்தப் படம் இன்னும் வெறும் சீலையாகவே கிடக்கிறது.