பூசணிக்காய்ப் பீரங்கிக்கு எதற்குப் பரிசு?

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1986-இல் ஒரு வினோதப் போட்டி தொடங்கியது. பூசணிக்காயை நெடுந்தூரம் எறிய வேண்டும். கவண் பொறிகளோடு, பிற்காலத்தில் ஆர்வலர்கள் தாமே கட்டிய காற்றழுத்தப் பீரங்கிகளும் சேர்ந்தன. அத்தகைய பீரங்கி ஒன்று 2010-இல் யூட்டா மாநிலத்தில் காயை 5,545 அடி, அதாவது ஏறத்தாழ 1,690 மீட்டர், எறிந்தது. வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் இதில் பரிசளிக்கும் முறை நமக்கு உடன்பாடன்று.

காய் வானிலேயே சிதறினால் அந்த எறிதல் கணக்கில் சேராது. காயின் உறுதிக்கு இவ்வளவு மதிப்பு! பாதுகாப்பு விதிகளும் இருந்தன. ஆயினும் வெற்றியை முடிவு செய்தது தூரமே. தூரம் வேண்டுமென்றால் எளிய வழி அழுத்தத்தை ஏற்றுவது.

அதன் பொருள் என்ன? 10 லிட்டர் கலத்தில் சதுர அங்குலத்திற்கு 120 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அடைப்பதாகக் கொள்வோம். கலம் வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 7,000 ஜூல். 70 கிலோகிராம் எடையுள்ள மனிதர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். அதே கலத்தில் அதே அழுத்தத்தில் நீர் இருந்தால், அந்நீரில் தேங்கும் ஆற்றல் 2 ஜூல்கூடத் தேறாது. நீர் அமுங்குவது மிகக் குறைவு. காற்றோ சுருள்வில் போல் அமுங்கிக் காத்திருக்கிறது. பி.வி.சி. குழாயின் மீது அச்சிட்டுள்ள அழுத்த அளவு நீருக்கானது. அதை நம்பிக் காற்றை ஏற்றினால், உடையும் குழாய் கூரிய சில்லுகளாகப் பறக்கும். குழாய் சூடேறினால் வலிமை குறையும். 60 பாகை செல்சியசில் கால் பங்குகூட மிஞ்சாது.

அழுத்தத்தை இரட்டித்தால் தூரமும் இரட்டிக்குமா? இல்லை. வேகத்தின் வர்க்கத்தோடு காற்றுத்தடையும் வளர்கிறது. தேங்கும் ஆற்றல் மட்டும் இரு மடங்குக்கு மேல் ஏறுகிறது!

2016-இல் டெலவேரின் பிரிட்ஜ்வில்லில் ஒரு பீரங்கியின் உலோகப் பகுதி பிய்ந்து பறந்து, தொலைக்காட்சிக் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் படுகாயமுற்றார். மறு ஆண்டு அங்குப் போட்டி நடைபெறவில்லை.

‘ஃபர்ஸ்ட்’ என்னும் மாணவர் ரோபாட் போட்டியைப் பாருங்கள். சேமிப்புக் கலத்தில் 120 பவுண்டு, வேலை செய்யும் பகுதியில் 60 பவுண்டு என்று உச்சவரம்பு உண்டு. 125-இல் தானே திறக்கும் காப்பு வால்வு கட்டாயம். பல ஆண்டுகள் பாதுகாப்புக்கெனத் தனிப் பரிசும் வழங்கினர்.

பீரங்கிக்காரர்களுக்கும் இது பொருந்தும். வால்வு மெதுவாகத் திறந்தால் முழு அழுத்தம் வருமுன் காய் நகர்ந்துவிடும். குழல் அளவுக்கு மீறி நீண்டால் காற்று வலுவிழந்து, உராய்வு வேகத்தைத் தின்னும். இவற்றைச் சீர்செய்வதில்தான் பொறியியல் இருக்கிறது. அழுத்தமானி எல்லாருக்கும் ஒரே எண்ணைக் காட்டட்டும். அந்த எண்ணில் அதிகத் தூரம் எறிபவர் கோப்பையை எடுத்துச் செல்லட்டும்.