ஆந்தைக் குரலும் கல்லெழுத்தும்

செங்கற்பட்டில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவோர்க்கு நாள்தோறும் காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி மின்சார இரயிலில் கழிகிறது. பள்ளிக்குச் செல்லும் அந்நேரத்தைக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலுக்கு ஒதுக்கினோம். ஐந்து பாகம், 293 அத்தியாயம். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்றால் 147 பள்ளி நாட்களில் முடியும். ஓர் ஆண்டுப் பாடத்திட்டத்திற்குள் ஒரு பேரரசே அடங்கிவிடுகிறது!

இரயிலுக்கென்றே எழுதிய நூலோ என எண்ணத் தோன்றும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. அடுத்த வாரம் வாசகன் தேடி வரவேண்டும். ஆகவே அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கத்தி மின்னும், ஒரு கதவு திறக்கும், ஒரு குரல் கேட்கும். அன்று வாசகனை ஒரு வாரம் காக்கவைத்த அதே தந்திரம், இன்று பயணியை மாலை வரை காக்கவைக்கிறது. நடை தெளிந்த நீரோட்டம். படகோட்டும் பூங்குழலி, அரண்மனைப் பெண்டிர் எவர்க்கும் தாழாத படைப்பு. இதைப் பாராட்ட நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் தோழரே, விரைந்து ஓடும் கதையில் கேள்வி கேட்க நேரம் கிடைப்பதில்லை. தூமகேது தோன்றுகிறது, நாடு நடுங்குகிறது, இளவரசன் மாள்கிறான். வால்மீனுக்கும் வாளுக்கும் என்ன உறவு என்று வினவுமுன் நிலையம் வந்துவிடுகிறது. குடந்தைச் சோதிடர் வாய் திறந்தால், பகுத்தறிவு பேசும் நம் இளைஞர்கூட மூச்சடக்கிப் படிக்கிறார்கள்!

நூலின் நடுநாயகமான நிகழ்ச்சி ஆதித்த கரிகாலன் கொலை. 2022-லும் 2023-லும் இது திரைப்படமாக வந்தபோது, இரயில் பெட்டியெங்கும் ஒரே வழக்குமன்றம். கொன்றவர் யார்? நந்தினியா, இரவிதாசனா, பழுவேட்டரையரா? வாதம் அனல் பறந்தது. கல் என்ன சொல்கிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987-ஐ ஒட்டிய காலத்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது சிலரைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது: சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராசன். அவர்களுடைய உடைமையையும் உறவினர் உடைமையையும் பறிமுதல் செய்யும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஆணை போகிறது.

பிரமாதிராசன் என்பது அரச அலுவல் பார்த்த பார்ப்பனர் பெற்ற பட்டம். ஒரு குலத்தையே கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. கொலை எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் காட்டவே சொல்கிறோம். நாவலில் இந்த இரவிதாசன் யார்? நள்ளிரவில் ஆந்தைக் குரல் எழுப்பும் மந்திரவாதி! திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டிலே கூடி, வீரபாண்டியன் தலைக்குப் பழி வாங்கச் சபதம் செய்யும் கூட்டத்தின் தலைவன். கல்லிலோ அவன் பட்டம் தாங்கியவன், சபையின் எல்லைக்குள் சொத்துடையவன். அங்கே ஆந்தை இல்லை, மந்திரம் இல்லை. பதவி இருக்கிறது, நிலம் இருக்கிறது. கற்பனைக்கு உரிமை உண்டு என்பர். உண்டு, மறுக்கவில்லை. கொலைகாரனைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததால், அரண்மனை வாசல் நம் கண்ணில் படாமல் போகிறதே என்பதுதான் நம் குறை.

இன்னொன்று. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. ஆணை பிறந்தது ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழித்து. இடையில் அரியணையில் இருந்தவர் உத்தம சோழர். இத்தனை ஆண்டு ஏன் தாமதம்? கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தமர்மேல் ஐயம் கொண்டார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கியோ உத்தமர் பெயரில் மாசு படாதவாறு கதையை அமைத்தார். எது பொருத்தம்? நந்தினியின் கண்ணழகைப் பற்றிய வாதத்தைவிட இது சுவையான வாதம், இரயிலிலேயே நடத்தலாம்.

கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. எந்த நடைபாதைக் கடையிலும் மலிவாகக் கிடைக்கின்றன. கல்வெட்டு நூல்கள் அப்படிக் கிடைப்பதில்லை. பள்ளி நூலகங்களுக்கு ஒன்று வாங்கும்போது மற்றதையும் வாங்கினால் என்ன? எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம், "ஐயா, இரவிதாசன் உண்மையில் இருந்தானா?" என்று கேட்டான். கல்வெட்டுச் செய்தியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். "அப்படியானால் மந்திரம்?" என்றான் அடுத்த நொடியே.

வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையேறி வருகிறானே, அந்த வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், உடையார்குடிக்கு அருகில்தான் இருக்கிறது. கதை தொடங்கிய கரையிலிருந்து கல்வெட்டு இருக்கும் சுவர் தொலைவில்லை. சிதம்பரம் வரை இரயில் உண்டு. அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து.