மீளும் கணக்கில் விடுபட்ட துறைமுக வாய்

விமானி உரிமத்துக்கான வழிகாண் தேர்வில் வழக்கமாக வரும் கணக்கு ஒன்று உண்டு. கையிலுள்ள எரிபொருளில் எவ்வளவு தூரம் போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட முடியும்? சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். அங்கே பறப்பவருக்கு இந்த மீளாப் புள்ளி உயிர்க்கணக்கு. இலங்கையின் கிழக்குக் கரையில் ஒலுவிலிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் இயந்திரப் படகுக்கும் அது அப்படியே பொருந்தும்.

சூத்திரம் எளியது. எரிபொருள் தாங்கும் நேரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, போகும் வேகமும் திரும்பும் வேகமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் திரும்பவேண்டிய நேரம் கிடைக்கும். மணிக்கு 7 கடல்மைல் ஓடும் படகில் 24 மணி நேரத்துக்கு டீசல் இருக்கிறது என்று வைப்போம். காற்றில்லாத கடலில் 12 மணி நேரத்தில், 84 கடல்மைலில் திரும்பலாம். கச்சான் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து மணிக்கு 2 கடல்மைல் வெளியே தள்ளினால் போகும் வேகம் 9, வரும் வேகம் 5. இப்போது ஏறத்தாழ எட்டரை மணி நேரத்தில், 77 கடல்மைலில் திரும்பியாக வேண்டும். ‘பாதி டீசல் தீரட்டும்’ என்று 12 மணி நேரம் போனவர், கரைக்கு 48 கடல்மைல் இருக்கையில் நடுக்கடலில் நிற்பார்.

இதுதான் அந்தக் கணக்கின் பெரும்பலம். போகும்போது காற்று தந்த லாபத்தைவிடத் திரும்பும்போது அது பறிக்கும் நேரம் அதிகம் என்பதை அது எண்ணில் காட்டிவிடுகிறது. அனுபவசாலிகள் உடம்பால் அறிந்ததை இளையவர் ஒரே மாலையில் கற்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. தேர்வுத்தாளில் காற்று மாறுவதில்லை, கடலில் மாறும். விமானம் நடுவழியில் நிற்காது. படகோ வலை விட்டு இயந்திரத்தை நிறுத்தி இரவெல்லாம் மிதக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு சொட்டு டீசலும் செலவாகாமலே படகு 20 கடல்மைல் விலகிவிடும். திரும்ப நான்கு மணி கூடுதலாக ஓட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, திரும்பும் இடம் திறந்தே இருக்கும் என்று கணக்கு நம்புவது. டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் திரும்பத் திரும்ப மூடியது. தோண்டிய பிறகும் மூடியது. நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரிக்க, இங்கே மணல் வழியை அடைத்தது.

விமானத்துறை இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டது. மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளையும் இறுதிக் கையிருப்பையும் முதலில் ஒதுக்கி, மிச்சத்தில்தான் மீளாப் புள்ளியைக் கணிக்கிறார்கள். நம் படகுக்கு மாற்றிடம் வாழைச்சேனை. ஏறத்தாழ 40 கடல்மைல். எதிர்நீரோட்டத்தில் அதற்கு 8 மணி நேர டீசல் வேண்டும். அதை ஒதுக்கினால் மிஞ்சுவது 16 மணி. 77 கடல்மைல் 51 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அந்த 26 கடல்மைல் மீன்பிடிப் பரப்பு, அடைபட்ட வாய்க்காக மீனவர் ஒவ்வொரு பயணத்திலும் கட்டும் விலை. அதைக் கட்ட மறுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். ஆகவே கணக்கை மீனவருக்குக் கற்பிப்பது பாதி வேலைதான். வாயின் ஆழத்தை நாள்தோறும் அளந்து, படகு புறப்படுமுன் அறிவிப்பது துறைமுகத்தை நடத்துவோரின் கடமை. அந்த அளவு கைக்கு வராத நாளில், வாழைச்சேனைக்கான டீசலை ஒதுக்காமல் எந்தப் படகும் கிளம்பக் கூடாது.