முதற்பிரதிக்குப் பிறகு

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சிறுவர் நூல் வெளிவருகிறதென்றால், அது முதலில் யார் கைக்குப் போகும் என்பதை அழைப்பிதழே சொல்லிவிடும். முதற்பிரதி ஊரறிந்த வர்த்தகர் ஒருவருக்கு. சிறப்புப் பிரதிகள் அதிபர்களுக்கும் கல்விப் பணிப்பாளர்களுக்கும் சங்கத் தலைவர்களுக்கும். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சிநிரல் நீளும். பிள்ளைகளும் மேடைக்கு வருவார்கள்: கிராஅத் ஓத, தேவாரம் பாட, வரவேற்பு நடனம் ஆட. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, எந்தப் பக்கம் பிடித்தது, எங்கே அலுத்தது என்று சொல்வதற்காக ஒரு பிள்ளை மேடையேறியதை நான் பார்த்ததில்லை.

இந்த விழாவைக் குறை சொல்வதற்கு முன் அது செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். இலங்கையில் தமிழில் எழுதும் ஒருவர் பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தில்தான் நூலை அச்சிடுகிறார். அச்சாவது சில நூறு பிரதிகள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பதுபோன்ற தமிழ்ப் புத்தகசாலைகள் மலைநாட்டில் மிகக் குறைவு. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அதன்பின் ஏறிய அச்சுக்கூலி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் புத்தகங்களும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரிக்குள் வந்தன. இந்த நிலையில் ஒரு ஆசிரியையோ எழுதுவினைஞரோ சேமிப்பைப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தால், அச்சகக் கடனை அடைக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி அந்த மண்டபம்தான். முதற்பிரதி பெறுபவர் உறையில் வைத்துக் கொடுக்கும் தொகை, அட்டையில் போட்ட விலையைவிடப் பல மடங்கு. கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் எண்ணற்ற வெளியீடுகளில் முதற்பிரதி வாங்கியிருக்கிறார். முதல் நூலை அச்சேற்ற வசதியில்லாதவர்களுக்காகப் புரவலர் புத்தகப் பூங்கா என்ற திட்டத்தையும் தொடங்கினார். அந்த உறைகள் இல்லையென்றால் ஈழத்துச் சிறுவர் நூற்பட்டியல் எவ்வளவோ சிறுத்துப் போயிருக்கும்.

இந்தப் பக்கத்துக்கு அதில் தனிப் பெருமையும் உண்டு. கட்டுகஸ்தோட்டையை அடுத்த உடத்தலவின்ன மடிகேயில் இருந்தபடி சிந்தனை வட்டம் என்ற பதிப்பகத்தை நடத்தியவர் பீ. எம். புன்னியாமீன். 2016-இல் மறைந்த அவர் தன் எழுத்தாகவே நூறுக்கு மேற்பட்ட நூல்களைக் கொண்டுவந்தார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவர் எழுதிய வழிகாட்டிகளைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள். கல்ஹின்னையில் எஸ். எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றம் ஒரு கிராமத்தின் பெயரைப் பதிப்புலகில் நிலைநிறுத்தியது. 2000-இல் தி. ஞானசேகரன் ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கியதும் கண்டியிலிருந்துதான். சிங்களம் பெரும்பான்மையாகப் பேசப்படும் ஒரு மாவட்டத்தில், சந்தைக்குப் போனால் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியுமாக வாழ்கிறவர்கள் தமிழில் அச்சிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக எழுத வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவது வீண் சடங்கு அல்ல. எழுதத் தயங்கும் அடுத்தவருக்கும் அது துணிவு தருகிறது. 2022-இல் காலமான கே. எஸ். சிவகுமாரன் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகள் நூல்களைப் பற்றிப் பத்தி எழுதியவர். கண்டிப்பதைவிட அறிமுகம் செய்வதையே அவர் பெரிதாக எண்ணினார். அவர் எழுதியிராவிட்டால் பல நூல்கள் வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும். பாராட்டு என்பதற்கு இவ்வளவு பெறுமதி உண்டு என்பதை நான் மனமார ஏற்கிறேன்.

என் மனவருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மாலையில் பாராட்டப்படுவது எது? நூலாசிரியரின் பணிவு, குடும்பம், படித்த பாடசாலை, சமூகத் தொண்டு எல்லாம் பாராட்டப்படுகின்றன. பணம் கொடுத்தவரின் தாராளம் பாராட்டப்படுகிறது. நூலுக்கு வரும்போது மூன்று வசனங்கள் மிஞ்சும்: காலத்தின் தேவை, நல்லொழுக்கத்தைப் போதிக்கிறது, எல்லாப் பாடசாலை நூலகங்களிலும் இருக்க வேண்டியது. இப்போது நான்காவதும் சேர்ந்திருக்கிறது: புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவும். நூலின் பெயரை மட்டும் மாற்றினால் அந்த உரையை அடுத்த மாத விழாவிலும் அப்படியே வாசிக்கலாம். நயவுரை செய்பவர் படிக்காமல் வருகிறார் என்று நான் சொல்லவில்லை. பலர் கருத்தாகப் படிக்கிறார்கள், கதைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கியும் சொல்கிறார்கள். ஆனால் வளர்ந்தவர் ஒருவர் வளர்ந்தவருக்காகப் படித்த படிப்பு அது. எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தில் எங்கே தடுக்கி நிற்கும் என்ற கேள்வி அதற்குள் வருவதில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறதென்றால், இங்கிருந்து பஸ்ஸில் கண்டியைக் கடந்தால் பேராதனை. ஈழத்துத் தமிழ்த் திறனாய்வுக்கு முதுகெலும்பு கொடுத்த வளாகம் அது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் படித்த இடம். கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தபோது ஈழத்து எழுத்தை எந்த அளவுகோலில் பார்ப்பது என்பதே வாதப்பொருளாயிற்று. மண்வாசனை என்றால் என்ன, பேச்சுமொழியை இலக்கியத்தில் எழுதலாமா, ஒரு கதை யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறது என்றெல்லாம் அறுபதுகளில் சண்டை பிடித்தார்கள். அந்தக் கேள்விகள் நாவலுக்குப் போயின, சிறுகதைக்குப் போயின, கவிதைக்கும் நாடகத்துக்கும் போயின. சிறுவர் நூலின் வாசலுக்கு மட்டும் அநேகமாக வரவில்லை. பிள்ளைகளுக்கு எழுதுவது நல்ல காரியம், நல்ல காரியத்தைக் குறை சொல்லக்கூடாது என்ற எண்ணம் இலக்கியத்தின் இந்தப் பகுதியைத் திறனாய்விலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டது. அன்பினால் ஒதுக்கினார்கள். விளைவோ, பெரியவர்களுக்கான நூலுக்குக் கிடைக்கிற மரியாதை பிள்ளைகளுக்கான நூலுக்குக் கிடைக்காமற் போயிற்று.

மொழியை எடுத்துக்கொள்வோம். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பாடசாலை விட்ட நேரம் நின்றால் குறைந்தது மூன்று விதமான தமிழ் காதில் விழும். வாப்பா, உம்மா என்று பேசும் அக்குறணை, மடவளைப் பிள்ளைகளின் தமிழ். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளைகளின் தமிழ். தலைமுறைகளாக நகரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பங்களின் தமிழ். இந்த மூன்று பிள்ளைகளில் ஒருவர்கூட அன்றாடம் பேசாத சொற்களில்தான் நம் சிறுவர் பாடல்கள் பெரும்பாலும் வருகின்றன. எதுகைக்காக ஒரு பழஞ்சொல், மோனைக்காக ஒரு வடசொல். மேடையில் அது சொல்வளம் என்று புகழப்படுகிறது. செந்தமிழ் கற்பிக்க வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. ஆறு வயதுப் பிள்ளைக்கான எட்டு வரிப் பாட்டில் நான்கு சொல்லுக்கு அரும்பத விளக்கம் தேவைப்பட்டால், அது பாடமாகத்தான் நிற்கும். பாட்டு ஆகாது.

ஒப்பிட்டுப் பார்க்க நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இருக்கிறார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1935-இல், வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் ‘பிள்ளைப்பாட்டு’ என்ற தொகுதியை வெளியிட்டது. புலவரின் பாடல்கள் அவர் மறைந்த பின் 1955-இல் ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற பெயரில் வந்தன. ஆடிப்பிறப்பு பற்றிய அவருடைய பாட்டில் அறிவுரை கிடையாது. நாளைக்குப் பள்ளி விடுமுறை, வீட்டில் பலகாரமும் கூழும். பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்! கூழ் காய்ச்சும் முறை சொல்லும் இடத்தில் பாட்டு சமையற்கட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியும் ஒரு பாட்டு, தாடி அறுந்த வேடனைப் பற்றியும் ஒரு பாட்டு. இவை யாழ்ப்பாணத்து வாழ்க்கை, யாழ்ப்பாணத்துப் பண்டங்கள். ஆடிப்பிறப்புக் கொண்டாடாத மலைநாட்டு வீட்டில், பனங்கட்டியைக் கண்ணால் காணாத பிள்ளையும் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடுகிறது. பொருள்கள் கண்முன் வருகின்றன, சந்தம் கையைத் தட்ட வைக்கிறது, அதனால் பாடுகிறது. புலவர் மரபுத் தமிழில் தேர்ந்தவர். அந்தத் தேர்ச்சியைப் பிள்ளையின் வாய்க்கு ஏற்றபடி அடக்கி ஆண்டதுதான் அவர் திறமை. ஒரு புதிய பாட்டுப் புத்தகத்தை அவருக்கு அடுத்தவர் என்று மேடையில் புகழ்வது எளிது. புலவர் செய்த எதை இவர் செய்திருக்கிறார் என்று காட்டினால் அதுதான் நயவுரை.

சித்திரத்தைப் பற்றிச் சொல்லவே மனம் கனக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் படம்தான் முதல் வாசிப்பு. நம் நூல்கள் பலவற்றில் அட்டை மட்டும் நிறத்தில் பளபளக்கும். உள்ளே இணையத்திலிருந்து எடுத்த உருவங்கள், ஒரு பக்கத்து முயலுக்கும் அடுத்த பக்கத்து முயலுக்கும் உறவே இராது. வரைந்தவரின் பெயர் இருந்தால் அச்சக விவரத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும், மேடையில் அவருக்கு நாற்காலி இருக்காது. பக்கத்துச் சிங்களத்தில் சிபில் வெத்தசிங்க தானே எழுதித் தானே வரைந்து 1956-இல் ‘குட ஹொரா’வைக் கொடுத்தார். குடை களவு போகும் அந்தக் கதை உலகின் பல மொழிகளுக்குப் போனது. குரங்கு, மரம், குடை, கிராமத்து மனிதர் எல்லாம் ஒரே கையின் கோட்டில் ஓடுகின்றன, படத்தை நீக்கினால் கதையே நிற்காது. 2005 முதல் இலங்கையில் இயங்கும் ரூம் டு ரீட் அமைப்பு தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுவரும் படக்கதைகளில் எழுதியவருக்குப் பக்கத்தில் வரைந்தவரின் பெயரும் இருக்கிறது. நம் மதிப்புரைகளில் ஓவியத்துக்கு ஒரு பந்தி ஒதுக்கும் வழக்கம் வந்தாலே அச்சகத்துக்குப் போகுமுன் எழுத்தாளர் ஓர் ஓவியரைத் தேடுவார்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தும் யாரும் பேசாத விஷயம். புத்தகம் பதினாறு பக்கப் பாரங்களாக அச்சாகிறது. முப்பத்திரண்டு பக்கச் சிறுவர் நூலில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று எட்டுப் பக்கம் போனால் காற்பங்கு போயிற்று. பிள்ளை வாங்கும் புத்தகத்தின் விலையில் அந்தப் பக்கங்களின் செலவும் சேர்ந்திருக்கிறது. நூலைத் திறக்கும் பிள்ளை முதலில் காண்பது கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த பெரியவர்களின் புகைப்படங்களை. எழுதியவர் நன்றி மறவாதவர் என்பதற்கு அது சாட்சி, மறுக்கவில்லை. அந்த நன்றியை ஒரு தனித் தாளில் அச்சிட்டு விழாவில் கொடுத்துவிடலாம். எட்டுப் பக்கத்தில் இன்னும் இரண்டு கதை வரும்.

கதைகளில் வரும் அறிவுரையையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. டி. பி. இலங்கரத்னவின் சிங்களச் சிறுவர் நாவலான ‘அம்ப யாளுவோ’ கண்டிப் பக்கத்துக் கிராமச் சூழலில் இரண்டு சிறுவர்களின் நட்பைச் சொல்வது, ஏற்றத்தாழ்வு அந்த நட்பை என்ன செய்கிறது என்று காட்டுவது. பிள்ளைக்குக் கனமான விஷயத்தைக் கொடுக்க ஆசிரியர் பயப்படவில்லை. நம் புதிய கதைகளில் பொய் சொன்ன பிள்ளை ஒரே பக்கத்தில் திருந்திவிடுகிறது. தமிழ்நாட்டில் சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருது கொடுத்துவருகிறது. அங்கே உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் போன்றோர் விருது பெற்ற இந்தச் சில ஆண்டுகளில், பிள்ளைக்குப் புத்தி சொல்வதா, பிள்ளையோடு சேர்ந்து உலகைப் பார்ப்பதா என்ற விவாதம் வெளிப்படையாகவே நடக்கிறது. இலங்கையிலும் அரச சாகித்திய விருதில் தமிழ்ச் சிறுவர் இலக்கியத்துக்கு இடமுண்டு. விருது பெற்ற நூல் ஏன் பெற்றது என்று விரித்து எழுதும் ஒரு கட்டுரை அதோடு கூட வந்தால், அடுத்து எழுதுபவர் பாடம் படிப்பார்.

கண்டிப்பு மட்டுமே போதும் என்றும் நான் நம்பவில்லை. நியூயோர்க் பொது நூலகத்தில் 1906 முதல் 1941 வரை சிறுவர் பிரிவின் தலைவியாக இருந்த ஆன் கரோல் மூரின் தீர்ப்புக்கு அமெரிக்கப் பதிப்பகங்களே நடுங்கின. தரமான சிறுவர் நூல்களுக்காக அவர் அளவுக்குப் போராடியவர் அங்கே குறைவு. ஆனால் அவர் பதவி விலகிய பின்னும் அவருடைய ரசனையே நிலைத்திருந்த அந்த நூலகத்தாருக்கு, 1947-இல் வந்த ‘குட்நைட் மூன்’ என்ற சிறுவர் நூல் பிடிக்கவில்லை. 1972 வரை நூலகம் அதை வாங்கவேயில்லை. அதற்குள் இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்கள். பாராட்டு மேடையும் கண்டிப்பான நூலகரும் ஒரே இடத்தில்தான் வழுவினார்கள்: இருவரும் பிள்ளையிடம் கேட்கவில்லை.

ஆகவே எனக்குப் படுவது இது. இங்கே பெரும்பாலான சிறுவர் நூல்கள் இரண்டாம் பதிப்பைக் காண்பதில்லை. விழா முடிந்து மூன்று மாதம் கழித்து எவ்வளவு நேர்மையான மதிப்புரை வந்தாலும் அந்த நூலுக்கு அது உதவாது, எழுதியவரின் மனம் நோவது மட்டும் மிஞ்சும். குறை சொல்லும் வாசிப்பு அச்சுக்கு முன்னால் நடக்க வேண்டும். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு உடத்தலவின்னவில் ஒரு வகுப்பு, ஒரு தோட்டப் பாடசாலையில் ஒரு வகுப்பு, கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு சனிக்கிழமை என்று வாசித்துக் காட்டலாம். எங்கே பிள்ளைகள் சிரித்தார்கள், எங்கே ஜன்னலைப் பார்த்தார்கள், எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார்கள் என்று வகுப்பாசிரியர் ஒரு தாளில் குறித்துக் கொடுக்கட்டும். செலவில்லாத வேலை இது. சிறுவர்க்கு எழுதுபவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், வகுப்பறை அவர்கள் கையில்தான் இருக்கிறது. விழாவில் நயவுரைக்கு நிற்பவர் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பேசட்டும். முதற்பிரதி வழக்கம்போல வர்த்தகருக்கே போகட்டும், அவருடைய உறை இல்லாமல் அச்சகக் கணக்குத் தீராது. அவர் ஐம்பது பிரதிகளுக்குப் பணம் கொடுத்தால், அந்த ஐம்பதும் எந்தெந்தப் பாடசாலைக்குப் போகின்றன என்று அன்றே மேடையில் வாசித்துவிட்டு, நன்றியுரை சொல்பவர் இறங்கட்டும்.