கொட்டகை போயிற்று, கூட்டம் எங்கே?

அண்ணா சாலை என்று இன்று நாம் அழைக்கும் மவுண்ட் ரோடு, சென்னையின் கேளிக்கைத் தெருவாக விளங்கிய காலம் ஒன்று உண்டு. 1914-இல் ரகுபதி வெங்கய்யா அங்கே 'கெயிட்டி'யைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் எழுப்பிய முதல் திரைக்கொட்டகை அது. பின்னர் எல்பின்ஸ்டன் வந்தது, வெலிங்டன் வந்தது, காசினோ வந்தது. 1961-இல் காமராசர் திறந்துவைத்த சாந்தி, 1964-இல் ஒரே வளாகத்துள் மூன்று அரங்குகளுடன் சபையர், 1970-இல் தேவி என்று அந்த வரிசை வளர்ந்தது.

இன்று? கெயிட்டி இல்லை, எல்பின்ஸ்டன் இல்லை, வெலிங்டன் இல்லை. சபையர் 1994-இல் மூடப்பட்டது. சாந்தி 2016-இல் கதவடைத்தது. சாலையைத் தாண்டியும் இதே கதைதான்: தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல், அசோக் நகர் உதயம் 2024-இல். மண்ணின் விலை ஏறிற்று. ஆயிரம் இருக்கைகளை நிரப்பும் ஆற்றல் தனித்த கொட்டகைக்குக் குறைந்தது. கொட்டகையை ஓட்டுவதைவிட இடிப்பதே ஆதாயம் என்ற கணக்கு வென்றது.

"பழைய செங்கல்லுக்கு ஒப்பாரி வைக்கவா வந்தீர்?" என்று பகுத்தறிவுத் தோழர்கள் கேட்கக்கூடும். இல்லை! பழமை என்பதற்காக எதையும் பூசிக்கும் கூட்டமல்ல நாம். மூட்டைப்பூச்சி நாற்காலியும், கள்ளச் சந்தை டிக்கெட்டும், பெண்ணொருத்தி தனியே வர அஞ்சிய இருட்டும் அந்தக் கொட்டகைகளில் இருந்தன. அவற்றை மறைத்துப் புகழ் பாடுவது பொய். நாம் கேட்பது வேறு கேள்வி: கட்டடத்தோடு சேர்ந்து இடிக்கப்பட்டது எது?

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படமும் அரசியலும் பற்றி 1981-இல் வெளிவந்த நூலில் ஓர் உண்மையைச் சுட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு. கோயில் மண்டபத்தில் யார் நுழையலாம், ஊர்க் கூத்தில் யார் எங்கே நிற்கலாம் என்று சாதி வரையறுத்த நாட்டில் இது சிறு மாறுதலா? தரை டிக்கெட்காரனுக்கும் நாற்காலிக்காரனுக்கும் இடையே விலை இருந்தது. ஆனால் சிரிப்பு ஒன்று, கண்ணீர் ஒன்று, விளக்கு அணைந்தால் இருளும் ஒன்று!

அந்தக் கூற்றை ஓரடி முன்னெடுத்துப் பார்ப்போம். காசுதான் சாதியை வெளியே நிறுத்தியது என்றால், அதே காசு ஏழையையும் வெளியே நிறுத்தலாம் அல்லவா? இருக்கைகளுக்கிடையே சில அணாக்களே வேறுபாடாக இருந்தவரை கூரை ஒன்றாக இருந்தது. வேறுபாடு ஒரு நாள் கூலியாக வளரும்போது கூரையே இரண்டாகப் பிளக்கிறது. சமத்துவத்தின் சாவி எதுவோ அதுவே பூட்டும் ஆகிவிட்டது.

கொட்டகையின் வாழ்வு திரையோடு முடிந்ததா? வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றவர், எதிரே தேநீர்க் கடை, வரிசையில் முன்பின் அறியாதாரோடு மூண்ட வாதம், இவையெல்லாம் சேர்ந்ததே அந்தத் தெரு. 1952-இல் 'பராசக்தி' வந்தபோது மேடைத்தமிழ் கொட்டகைக்குள் புகுந்தது; படம் முடிந்ததும் வசனம் தெருவுக்கு வந்தது. சபையர் வளாகத்தின் புளூ டைமண்டில் காட்சிகள் இடைவிடாமல் ஓடின. எப்போதும் நுழையலாம், விரும்பும்வரை அமரலாம். வேலை தேடி அலைந்த இளைஞன் ஒரு டிக்கெட்டில் வெயிலுக்கு ஒதுங்கினான். பேச வீடில்லாத காதலர் பேசினர்.

அந்த இடத்துக்கு இன்று வந்திருப்பது பேரங்காடி. ராயப்பேட்டையில் 2010-இல் திறக்கப்பட்ட எக்ஸ்பிரஸ் அவென்யூ அதற்குச் சான்று: படம் உண்டு, உணவு உண்டு, குளிர்ச்சி உண்டு. பெண்கள் அச்சமின்றி நடக்கும் இடம் அது என்பதையும் மறுக்கலாகாது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் தெருவுக்கும் அதற்கும் இடையே காவலாளி நிற்கிறார். பையைத் திறந்து பார்க்கிறார். வெளி உணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு உரிமையுண்டு, நல்ல குடிநீரை மட்டும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைக்கு அங்கே சட்டப்படி மிஞ்சியது தண்ணீர்! அதையும் டிக்கெட் வாங்கியபின்தான் குடிக்க முடியும்.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம் புதுப்பிக்கப்பட்டபோது, கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனி 1999-இல் ஒரு நூல் எழுதினார். பல வகுப்பினர் தற்செயலாகச் சந்தித்துப் பழகும் உறவே நகரின் உயிர். புதுப்பித்தல் அதை அழிக்கிறது என்பது அவர் வாதம். இலண்டனிலோ 1976-இல் சட்டம் இயற்றி ஓர் அமைப்பை நிறுவினர். நாடக அரங்குள்ள நிலத்தில் மாற்றம் செய்ய முனைந்தால், திட்ட அதிகாரிகள் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். அங்கே 2009-இல் அஸ்டோரியா இடிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதே வளாகத்தில் 2022-இல் புதிய நாடக அரங்கு எழுந்தது. இடிப்பதும் கட்டுவதும் முதலாளியின் விருப்பம் மட்டுமன்று என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். இங்கே ஒப்புக்கொள்ளத் தடை என்ன?

பொம்மையார்பாளையத்துப் பள்ளி ஆசிரியனுக்குச் சென்னைத் தெருவைப் பற்றி என்ன கவலை என்று எண்ணாதீர். கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் மீனவர் குப்பத்தை ஒட்டியே ஓடுகிறது. கடலோரத்தில் உல்லாச விடுதிகள் எழுகின்றன. நகரில் கொட்டகைக்கு நேர்ந்தது, இங்கே மணல்வெளிக்கு நேராது என்று யார் உறுதி கூறுவார்? இன்று எவரும் நடக்கும் கரை, நாளை கட்டணம் கட்டியவர் கரை ஆகலாம்.

ஆகவே நம் கோரிக்கை பழைய கொட்டகை மீண்டும் வேண்டும் என்பதன்று. மக்கள் கூடிய இடத்தை மாற்றிக் கட்ட அனுமதி கேட்பவரிடம் அரசு மூன்று கேட்கட்டும்: ஒவ்வொரு காட்சியிலும் கூலித் தொழிலாளி வாங்கத்தக்க விலையில் இருக்கைகள், சிறு வணிகர்க்கு வாசலில் இடம், வாங்காதவரும் அமரத் திறந்த முற்றம். இவற்றைத் தர மறுக்கும் வளர்ச்சி யாருடைய வளர்ச்சி?

பிறப்பால் பிரித்த சுவரை இடிக்க ஒரு நூற்றாண்டு பாடுபட்ட நாடு இது. விலையால் எழும் சுவரைப் பளிங்கால் கட்டியிருக்கிறார்கள் என்பதற்காக, அது சுவர் அன்று என்று ஆகிவிடாது.